வீட்டு அலாரத்துக்கு ‘ரக்’ பதிவது எப்படி?

முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளில் அலாரம் பூட்டிக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் கேட்பவர்கள் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள். ஷெல் வீச்சுக்குள் வாழ்ந்தவர்களுக்கு, தவறுதலாக அலறும் சைரன் வெறும் சத்தம் அல்ல. பதற்றத்தில் நான்கு இலக்கங்களும் நினைவுக்கு வராது. அதனால்தான் அவர்களுக்கு ‘ரக்’ எனப்படும் சிறு வில்லையைப் பரிந்துரைக்கிறேன்.

சாவிக்கொத்தில் கோர்க்கும் இந்த வில்லைக்குப் பற்றரி தேவையில்லை. அலாரத்தின் விசைப்பலகைக்குச் சில சென்ரிமீற்றர் அருகில் பிடித்தால், அங்கிருந்து வரும் வானொலி அலையே அதற்குச் சக்தி கொடுக்கும். உடனே வில்லை தன் இலக்கத்தைத் தெரிவிக்கும்.

பதியும் முறை கருவிக்குக் கருவி சற்று மாறும். பொதுவான ஒழுங்கு இது:

1. முதன்மை இரகசிய இலக்கத்தை அழுத்துங்கள். அது இன்னும் 1234 போன்ற ஆரம்ப இலக்கமாக இருந்தால் முதலில் மாற்றுங்கள்.

2. பாவனையாளர் பகுதியில் வெற்றிடம் ஒன்றைத் தெரிவுசெய்து பெயரைப் பதியுங்கள்.

3. ‘ரக்’ சேர்க்கும் கட்டளையைக் கொடுத்து, வில்லையைக் காட்டுங்கள்.

4. வெளியே வந்து, அலாரத்தை ஒருமுறை போட்டு நிறுத்திப் பாருங்கள்.

ஒரு வில்லையைப் பலர் மாறி மாறிப் பாவிக்க வேண்டாம். அம்மம்மாவுக்கு ஒன்று, உதவிக்கு வருபவருக்கு இன்னொன்று எனக் கொடுங்கள். அப்போதுதான் தொலைந்ததை மட்டும் நீக்கலாம். யார் எப்போது அலாரத்தை நிறுத்தினார் என்பதும் கருவியின் பதிவில் தெரியும்.

வில்லையில் முகவரி எழுதாதீர்கள். தொலைந்தால் அன்றே நீக்குங்கள். கண்டெடுப்பவர் கையில் அதுவும் ஒரு சாவிதான்.