மேசையைச் சுற்றிய கதை: பாத்திரமேற்பு விளையாட்டு பரவிய வரலாறும் மொழியும்

தாயமும் பல்லாங்குழியும் நம் தோட்டப்புறங்களுக்கு விதிநூல் வழியாக வந்தவை அல்ல. கப்பலேறி வந்தோர் அவற்றைக் கைப்பழக்கமாகக் கொண்டுவந்தனர். லயத்து வாசலில் கரிக்கட்டியால் கட்டம் வரைந்தால் போதும். அருகில் அமர்ந்து பார்த்த குழந்தை மறுநாளே ஆடத் தொடங்கிவிடும். மந்தின் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான முறையில் பரவிய ஒரு விளையாட்டைப் பற்றியது இவ்வுரை. நால்வரோ ஐவரோ மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகத் தம்மைப் பாவித்துக்கொள்வர். நடுவர் ஒருவர் விரித்துரைக்கும் உலகில் தாம் செய்வதை வாயால் சொல்லி, ஐயம் எழும் இடத்தில் பகடை உருட்டி முடிவு காண்பர். இதனைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்போம். ஆட்டம் முழுவதும் பேச்சே. ஆயினும் அது ஊர்விட்டு ஊர் சென்றது பெரும்பாலும் அச்சிட்ட தாளின் வழியாக. அத்தாளில் விதிகளைவிட முதன்மையானது, ஆடுவோர் எவ்வாறு பேசுவர் என்று காட்டிய மாதிரி உரையாடல் என்பது என் துணிபு.

இதன் மூதாதை போர்ப்பயிற்சி. 1824இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்பார் அறிமுகப்படுத்திய போர் விளையாட்டில், இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் ஒருவர் இருந்தார். அந்நடுவரை 1969இல் அமெரிக்க மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி மீட்டெடுத்தார். ஆடுவோருக்குப் படைகளைத் தராமல் ஒரு சிற்றூரின் தனி மனிதர்களைப் பாத்திரங்களாகத் தந்தார். அவ்வாட்டத்தில் பங்கேற்ற டேவ் ஆர்னசன் அதனைக் கற்பனை நாட்டுக்குக் கொண்டுசென்றார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974 சனவரியில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டி, அதனுள் 3 சிறுநூல்கள், விலை 10 டாலர். அச்சிட்டவை 1,000 படிகள். ஏறத்தாழ ஓராண்டில் அவை தீர்ந்தன.

அந்நூல்கள் தெளிவானவை அல்ல. போர் விளையாட்டில் முன்பயிற்சி உடையவருக்கே அவற்றின் விதிகள் ஓரளவு விளங்கின. பலமுகப் பகடைகள் அக்காலக் கடைகளில் எளிதிற் கிடைக்கவில்லை. கணிதம் கற்பிக்கப் பள்ளிகளுக்குத் துணைக்கருவி விற்ற ஒரு நிறுவனத்திடமிருந்தே அவற்றை வாங்கினர். (ஆசிரியப் பெருமக்கள் இதனை மனத்திற் கொள்ளலாம்.) அரிசோனாவின் கென் செயிண்ட் ஆண்ட்ரே அவ்விதிகளைப் படித்துச் சலிப்புற்று, சாதாரண ஆறுமுகப் பகடையே போதும் என்று 1975இல் தாமே வேறொரு விளையாட்டை எழுதிவிட்டார். எனினும் மூன்றாம் சிறுநூலில் ஓரிடம் எவருக்கும் விளங்கியது: நடுவர் இருட்டறையை விவரிக்க, ஆடுபவர் தாம் செய்வதைச் சொல்லும் உரையாடல். அதனைப் படித்தவர் ‘இப்படித்தானோ!’ என்று மேசையில் அமர்ந்தனர். விதி புரியாத இடங்களை ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது.

அவ்வாறு நிரப்பியவற்றைப் பகிர்ந்துகொள்ள, 1975இல் லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்டு என்னும் அம்மையார் ஓர் இதழ் தொடங்கினார். பங்கேற்போர் தத்தம் பக்கங்களை அனுப்புவர். அவை தொகுக்கப்பட்டு எல்லார்க்கும் அஞ்சலில் செல்லும். நம் மாணவர் மன்றங்கள் நடத்திய கையெழுத்து இதழின் உடன்பிறப்பு எனலாம். அதே ஆண்டு இலண்டனில் ஒரு வாடகைக் குடியிருப்பிலிருந்து விளையாட்டுப் பொருள் விற்ற மூன்று இளைஞர்கள் அமெரிக்காவிலிருந்து 6 படிகள் வரவழைத்தனர். ஐரோப்பாவில் விற்கும் உரிமை அவர்களுக்கே கிடைத்தது. அவர்களுள் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் ஆகிய இருவர் 1982இல் எழுதிய நூலைக்கொண்டு ஒரு சிறுவன் தனியே, பென்சிலும் இரண்டு பகடையும் வைத்து ஆட முடிந்தது.

ஆங்கில எல்லைக்கு அப்பால் நடந்தது இன்னும் கருதத்தக்கது. சுவீடனில் 1982இலும் ஜெர்மனியில் 1984இலும் தத்தம் மொழியிலேயே விளையாட்டு நூல்கள் வந்தன. ஜெர்மன் நூல் தன் நாட்டில் அமெரிக்க மூலத்தையே விஞ்சியது. ஜப்பானியர் 1985இல் அமெரிக்க நூலை மொழிபெயர்த்தனர். ஆனால் அங்கு அலை எழுப்பியது வேறொன்று. 1986இல் ஒரு கணினி இதழ், நண்பர்கள் ஆடிய ஆட்டத்தின் பேச்சை எழுத்தில் வடித்துத் தொடராக வெளியிட்டது. பகடையையே காணாதவர்களும் அதனைக் கதையாகப் படித்தனர், பின்னர் ஆடினர். 1974இன் ஒரு சிறு உரையாடல் அங்கே தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது.

மலேசியாவில் ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் படிப்படியாக மலாய்வழிக்கு மாறிய காலமும் இதுவே. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. பார்த்துப் பழகும் தாயம் அவனிடம் தானே வந்தது. படித்துப் பழக வேண்டிய இவ்விளையாட்டு அவ்வாறு வர வழியில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பாரை நான் ஏற்பதில்லை. காய், கட்டம், வெட்டு, பழம் என ஆட்டச் சொற்கள் நம்மிடம் உண்டு. உண்மையான இடர் நடையில் இருக்கிறது. விதிகளைச் செந்தமிழில் எழுதலாம். ஆனால் மாதிரி உரையாடலில் நடுவர் “நீ இப்போது யாது செய்வாய்?” என்று வினவினால் மேசையில் சிரிப்புத்தான் எழும். “சரி, இப்ப நீ என்னா செய்யப் போற?” என்றால் ஆட்டம் நகரும். ஆயின் கதையிலுள்ள அரசன் அப்படிப் பேசினால் அவன் அரசனாகத் தோன்றான். இம்முடிச்சைத் தெருக்கூத்து நெடுங்காலத்துக்கு முன்பே அவிழ்த்துவிட்டது. வேடமிட்டு வந்த மன்னன் விருத்தம் பாடித் தன் பெருமை உரைப்பான். அவனை யார், எவ்வூர் என்று கேட்டுக் கதையை நடத்தும் கட்டியங்காரன், ஊரார் பேசும் தமிழிலேயே மறுமொழி சொல்வான்.