கட்டட விபத்தும் ஒப்பந்தச் சங்கிலியும்: இழப்பீட்டுப் பொறுப்பின் நூறாண்டு

அடுக்குமாடிக் கட்டடம் எழும் இடத்தில் எல்லோரும் ஒரே முதலாளியிடம் வேலை செய்வதில்லை. கட்டுமான நிறுவனம் பணியை ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும். அவர் சென்ட்ரிங்கை ஒரு மேஸ்திரிக்கும், கம்பி கட்டுவதை இன்னொருவருக்கும், பூச்சையும் பெயின்டிங்கையும் வேறு ஆட்களுக்கும் சதுர அடிக் கணக்கில் பிரித்து விடுவார். சாரம் சரிந்து சித்தாள் ஒருவர் விழுந்தால், அவருக்கு மிக அருகிலுள்ள முதலாளி அந்த மேஸ்திரிதான். இழப்பீடு தரும் சக்தி மிகக் குறைந்தவரும் அவரே. பொறுப்பை மேலே இருப்பவர்வரை ஏற்றும் முயற்சியாகவே விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் வரலாற்றைப் படிக்கலாம். ஆனால் வேலையில் எவ்வளவு ஆபத்து என்று கேட்பதற்கு முன், அது யாருடைய தொழில் என்றே சட்டம் கேட்டுவந்திருக்கிறது. இன்றுள்ள இடைவெளிகளில் முக்கியமானது அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

அதன் வேர் இங்கிலாந்தில். 1837இல் பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கில், அளவுமீறிச் சுமை ஏற்றிய வண்டியால் காயம்பட்ட இறைச்சிக்கடை வேலையாளுக்கு முதலாளி பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. உடன் வேலை செய்பவரின் பிழைக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டாம் என்ற கோட்பாடு இதிலிருந்தே வளர்ந்தது. 1897ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்ற விசாரணையையே ஒதுக்கியது. வேலையைத் துணை ஒப்பந்தத்தில் விட்டவரையும் பொறுப்பாளியாக்கியது. ஆனால் கட்டடம் 30 அடிக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 29 அடியிலிருந்து விழுந்தால் எலும்பு முறியாது போலும்!

இந்தியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உயர வரம்பு இங்கும் வந்தது. பின்னாளைய அட்டவணையில் அது ஒரு மாடிக்கு மேற்பட்ட அல்லது 12 அடி உயரக் கட்டடம் என்றிருந்தது. இந்தச் சட்டத்தின் உயிர்நாடி 12ஆம் பிரிவு. ஒருவர் தம் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டால், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் தாமே நேரில் அமர்த்திய ஆளைப் போல இழப்பீடு தர வேண்டும். கொடுத்ததை ஒப்பந்தக்காரரிடமிருந்து அவர் மீட்டுக்கொள்ளலாம். தொழிலாளி விரும்பினால் ஒப்பந்தக்காரரிடமே கேட்கவும் தடையில்லை. விபத்து மட்டும் பணி ஒப்படைத்தவரின் வளாகத்திலோ அவர் கட்டுப்பாட்டிலுள்ள இடத்திலோ நடந்திருக்க வேண்டும். கட்டட நிறுவனத்துக்குக் கட்டுவதே தொழில் என்பதால் அது தப்ப முடியாது. சொந்த வீடு கட்டும் ஆசிரியரோ வங்கி ஊழியரோ தப்பிவிடுவார். வீடு கட்டுவது அவர் தொழில் அல்லவே. தம் தொழிலுக்கல்லாமல் எப்போதாவது அமர்த்திய ஆளை விலக்கிய சொற்களை 2000ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. அதன்பின் நிலைமை விசித்திரமானது. அதே வீட்டுக்காரர் கொத்தனாரை நாள்கூலிக்கு வைத்தால் இழப்பீட்டுக் கடமை உண்டு. மேஸ்திரியிடம் லேபர் கான்ட்ராக்ட் விட்டால் 12ஆம் பிரிவு அவரைத் தொடாது.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு குறைவாகவே பேசப்பட்டது. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்றது 8ஆம் பிரிவு. ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேரை வைத்துப் பேசிமுடித்துக் கையில் கொடுக்கும் தொகை, சட்டத்தின் கண்ணில் இழப்பீடே அல்ல.

விழுந்தவர் மேஸ்திரியாகவே இருந்தால்? தாமும் கரண்டி பிடித்துக்கொண்டு நாலு ஆட்களையும் வைத்திருப்பவர் ஒப்பந்தக்காரரா, தொழிலாளியா? தாரங்கதாரா கெமிக்கல் வழக்கில் (1957) குஜராத்தின் உப்பளத் தொழிலாளரான அகரியாக்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. தாமே உழைக்கும்வரை, உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டாலும் அவர்கள் தொழிலாளிகளே என்றது. அது தொழில் தகராறு வழக்கு. ஆயினும் அதன் தர்க்கம் மேஸ்திரிக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் (1976), சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்தபோது விழுந்து இடக்கையை இழந்த தச்சரை வெறும் ஒப்பந்தக்காரர் என்று சொல்லித் தப்பப் பார்த்தார் உரிமையாளர். வாதம் எடுபடவில்லை. ஒரு கை இல்லாத தச்சர் தச்சுத்தொழிலுக்கு முழுமையாக ஊனமுற்றவரே என்றும், இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிறது என்றும் நீதிமன்றம் வரையறுத்தது.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கூலிக்கு முதன்மை முதலாளியைப் பொறுப்பாக்கியதே தவிர, விபத்து இழப்பீட்டைத் தொடவில்லை. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் வந்த ஆசியாட் தீர்ப்பும் கூலியைப் பற்றியதுதான்: ஆள்பிடித்துத் தரும் ஜமாதார்களிடம் தரப்பட்ட 9.25 ரூபாயில் 1 ரூபாய் அவர்களின் தரகாகக் கழிந்தது. கட்டடத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் கேட்ட குரல் தமிழ்நாட்டிலிருந்து வலுவாக எழுந்தது. 1982இல் இங்கே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையில் 1985இல் உருவான தேசியப் பிரச்சாரக் குழு கோரிக்கையை நாடாளுமன்றம்வரை கொண்டுசென்றது.

1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் அதன் பலன். அதன் 45ஆம் பிரிவு முக்கியமானது: இறப்போ ஊனமோ நேர்ந்து ஒப்பந்தக்காரர் இழப்பீடு தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ, மீதியை முதலாளி கொடுத்துவிட்டு அவரிடம் மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே 'வழக்கமான தொழில்' என்ற சோதனை இருக்கவில்லை. 1923 சட்டத்தின் அட்டவணைக்குள் இந்த வேலைகளையும் சேர்த்துப் படிக்கச் சொன்னதால் 12 அடிச் சிக்கலும் அகன்றது. ஆனால் 10 பேருக்குக் குறைவான பணியிடமும், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீடும் விலக்கப்பட்டன.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். உரிமைகோருபவர் தாம் வசிக்கும் ஊரின் ஆணையரிடமே மனு கொடுக்கலாம் என்ற 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அருமை இத்தகைய நேரத்தில்தான் புரியும். எனினும் இறந்தவர் எந்த மேஸ்திரியின் ஆள் என்பதை மெய்ப்பிக்கும் சுமை குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1923, 1996 ஆண்டுகளின் சட்டங்கள் இரண்டையும் உள்வாங்கிக்கொண்டன. 'வழக்கமான தொழில்' என்ற சோதனை சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. சொந்த வீட்டுக்கான விலக்கு வரம்போ 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரூபாயாக உயர்ந்துவிட்டது. சிற்றூர்களில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தத் தொகைக்குள் முடிபவை. அங்கே லேபர் கான்ட்ராக்ட் எடுத்த மேஸ்திரியின் சித்தாள் விழுந்தால், பொறுப்பு 1923இல் தொடங்கிய இடத்திலேயே, அந்த மேஸ்திரியிடமே நிற்கிறது.