எட்டு வயசு வாத்தியார்

புதுசா வேலைக்குச் சேர்ற டீச்சரை நேரா கிளாஸுக்குள்ள அனுப்பிட்டு, "சமாளிச்சுக்கோங்க"ன்னு சொல்றது இன்னிக்கும் நடக்குது. இந்தப் பழக்கத்தோட வரலாற்றுல நம்ம எழும்பூருக்கும் ஒரு இடம் உண்டு.

1789. ஐரோப்பியப் படைவீரர்களோட பிள்ளைகளுக்காக எழும்பூர்ல ஓர் அனாதை இல்லம். பொறுப்புக்கு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒண்ணுல பசங்க மணல்ல விரலால எழுதிப் பழகுறதைப் பார்க்குறார். செலவே இல்லாத வழி. இங்கயும் இப்படிச் சொல்லிக்கொடுங்கன்னா, அவரோட ஆசிரியர்கள் ஒத்துவரலை. அதனால ஜான் ஃப்ரிஸ்கன்ங்கிற எட்டு வயசுப் பையனை வாத்தியாராக்கிட்டார். அவன் நல்லாவே சொல்லிக்கொடுத்தான். பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துற முறை அப்படி வளர்ந்துச்சு. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செஞ்ச வேலையும் கிட்டத்தட்ட இதேதான்.

1797-ல பெல் லண்டன்ல இதைப் புத்தகமாப் போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னே பேராச்சு. ஜோசப் லங்காஸ்டர்னு இன்னொருத்தரும் இதே மாதிரி பள்ளி நடத்தினார். நூத்துக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் போதும்னா, பரவாம இருக்குமா?

ஆனா, தான் அப்பத்தான் மனப்பாடம் பண்ணினதைத்தான் பையன் அடுத்தவனுக்கு ஒப்பிச்சான். "ஏன்?"னு கேட்டா அவன்கிட்ட பதில் இல்லை.

1846-ல பிரிட்டன் கல்விக் குழுவோட செயலாளர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த் வேற வழி கொண்டுவந்தார். 13 வயசுல சேர்ற 'மாணவ ஆசிரியருக்கு' 5 வருஷப் பயிற்சி. உதவித்தொகை முதல் வருஷம் 10 பவுண்டு, கடைசி வருஷம் 20. தலைமையாசிரியர் பள்ளி நேரத்துக்கு வெளியே தினமும் ஒன்றரை மணி நேரம் அவங்களுக்குச் சொல்லித்தரணும். அதுக்கு அவருக்கும் தனிக் காசு: ஒரே ஒருத்தர்னா வருஷம் 5 பவுண்டு. வருஷா வருஷம் ஆய்வாளர் வந்து சோதிப்பார். அதாவது, புதுசா வர்றவங்களுக்குக் கைகொடுக்குறதும் கூலி கொடுக்க வேண்டிய வேலைதான்னு ஓர் அரசு ஒத்துக்கிச்சு.

அதுவும் 16 வருஷம்தான். 1862-ல சிக்கனம்னு சொல்லி அந்த நேரடிப் பணத்தை நிறுத்தினாங்க. மாணவ ஆசிரியர்களோட எண்ணிக்கை சரிஞ்சது.

அதனால, "எங்க பள்ளியில புது டீச்சர்களுக்கு வழிகாட்டி இருக்காங்க"ன்னு யாராவது சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. அந்த வழிகாட்டிக்கு அதுக்குன்னு நேரம் ஒதுக்கியிருக்கீங்களா? காசு கொடுக்குறீங்களா? ரெண்டுமே இல்லைன்னா, அங்க வழிகாட்டியோட பேரு மட்டும்தான் இருக்கு.