மிளகாய் மலையேறிய கதை

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் விடுமுறை கழிந்து ஊரிலிருந்து திரும்பும்பொழுது கொண்டு வருவன பல. அவற்றுள் மிகச் சிறியது காகிதத்தில் மடித்த மிளகாய் விதைப் பொட்டலம். வடநாட்டுச் சந்தையில் மிளகாய்க்குப் பஞ்சமில்லை. எனினும் நம் நாவிற்குப் பழகிய காரம் அதில் இல்லை என்பதே நம்மவர் குறை. பருத்த காயாகவும் இருத்தல் வேண்டும். கண்ணீர் வரவழைக்கும் காரமும் வேண்டும். இவ்விரண்டும் ஒரே செடியில் அமையுமா? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால் அது நானூறு ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அவ்வரலாற்றைப் பள்ளிவாசலிலிருந்து தொடங்குவது பொருந்தும். இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே உள்ள மலையூர் அது. 1940-ஆம் ஆண்டு அங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே அம்மலைகளில் தேயிலை பயிராகிவிட்டது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் லயங்களில் குடியேறினர். அரிசியும் பருப்பும் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து மலையேறின. வற்றல் மிளகாயும் அவ்வாறே சமவெளியிலிருந்து வந்தது. மழையும் மூடுபனியும் மிகுந்த மலையில் மிளகாயைக் காய வைப்பது எளிதன்று. ஆதலின் மலைவாழ் குடும்பங்களுக்குப் பச்சையாகவே பயன்படும் காந்தாரி மிளகாய் உற்ற துணையாயிற்று. கட்டைவிரல் நகத்தினும் சற்றே நீண்ட காய், வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும், காரமோ சொல்லுந்தரமன்று.

தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் அவ்வூரில் பெயரைக் கொண்டே ஒரு வரலாறு படிக்கலாம். தமிழர் மிளகைப் பழம்பெயரிலேயே வைத்துக்கொண்டு, புதிதாக வந்ததை 'மிளகு போன்ற காய்' என்னும் பொருளில் 'மிளகாய்' என்றனர். மலையாளத்திலோ வந்தது வீட்டுக்காரனாகிவிட்டது. 'முளகு' என்று வாளா கூறினால் அங்கே மிளகாயையே குறிக்கும். பழைய மிளகு 'குருமுளகு' என அடைமொழி பெற்று ஒதுங்கியது. கன்னடத்தார் 'மெணசினகாயி' என்கின்றனர். தெலுங்கர் 'மிரபகாய' என்கின்றனர். இந்தியில் இரண்டும் 'மிர்ச்' தான், நிறத்தால் மட்டுமே வேறுபடும். இலங்கைத் தமிழர் சிலர் 'கொச்சிக்காய்' என்று வழங்குவது கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. நேயர்கள் எந்த மாநிலத்தில் இருப்பினும் அங்காடியில் இப்பெயரைக் கேட்கும்பொழுது, பழைய மிளகின் நிழலிலேயே இக்காய் நம் நாட்டிற்குள் நுழைந்தது என்பது விளங்கும்.

சங்க காலத்தில் இக்காய் இல்லை. 'கறி' என்று வழங்கிய மிளகே அன்றைய காரம். அதனைப் பொன் கொடுத்து யவனர் வாங்கிச் சென்ற செய்தியை அகநானூறு கூறும். அம்மிளகைத் தேடியே 1492-இல் கொலம்பசு மேற்கே புறப்பட்டார். இந்தியாவைக் காணாது அமெரிக்கத் தீவுகளைக் கண்டார்; மிளகைக் காணாது மிளகாயைக் கண்டார். 1498-இல் வாசுகோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். 1510-இல் கோவா போர்த்துகீசியர் வசமாயிற்று. அவர்தம் கப்பல் வாணிகத்தின் வழியே பதினாறாம் நூற்றாண்டில் மிளகாய் இந்நாட்டில் வேரூன்றியது. மிளகுக்கொடிக்கு மலைச்சாரலும் மரநிழலும் பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். மிளகாயோ ஏழையின் கொல்லையில் சில திங்களிலேயே பலன் தரும். அது பரவியதன் இரகசியம் இதுவே.

கடல் கடந்து வருவதற்கு முன்னரே அதனைத் தேர்ந்தெடுக்கும் தொழில் நெடுங்காலம் நடந்திருந்தது. மெக்சிகோ நாட்டு மக்கள் ஆறாயிரம் ஆண்டுகட்கு முன்னரே மிளகாயைப் பயன்படுத்தினர். காட்டு மிளகாய் சிறியது, நிமிர்ந்து நிற்பது, பழுத்ததும் எளிதில் காம்பை விட்டுக் கழல்வது. அதனைத் தின்று விதை பரப்பும் பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை. காந்தாரி இன்னும் அக்காட்டுக் குணத்தைப் பெரிதும் காத்து வருகிறது. மனிதனோ பெரிய காயை விரும்பினான். பழுத்தும் உதிராத காயை விரும்பினான். தலைமுறை தலைமுறையாக அத்தகைய காயின் விதையையே எடுத்து வைத்தான். காய் பருத்துத் தொங்கலாயிற்று. பல வகைகளில் காரம் குறைந்தும் போயிற்று. கருநாடகத்து பியாடகி மிளகாய் நிறத்திற்குப் பெயர்பெற்றது, காரத்திற்கன்று. நம் சாத்தூர்ச் சம்பா நீண்டு மெலிந்தது. இராமநாதபுரம் குண்டு மிளகாய் உருண்டு திரண்டது. இக்குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

காய் பருத்தால் காரம் குறையும் என்பது பொதுவழக்கு. ஏனெனில் காரப்பொருள் சதையில் ஊறுவதன்று. விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறத் தசையிலேயே பிறக்கின்றது. விதையில்தான் காரம் என்று பலர் எண்ணுவர். அது ஒட்டிக்கொண்ட காரமேயாகும். இப்பொதுவழக்கைப் பொய்ப்பிக்கும் இனம் ஒன்றுண்டு. அமேசான் ஆற்றுப் பகுதியில் தோன்றிய அவ்வினத்தைச் சீனத்தினது என மயங்கி, ஐரோப்பியத் தாவர நூலார் 1776-இல் அப்பெயரையே இட்டுவிட்டனர். நம் அசாம், நாகாலாந்து, மணிப்பூர்ப் பகுதிகளில் விளையும் பூத் ஜொலோக்கியா என்னும் நாக மிளகாய் இவ்வினத்தைச் சார்ந்தது. இதில் உட்தசை மட்டுமன்றிக் காயின் உட்சுவரும் காரப்பொருளைச் சுரக்கிறது. ஆதலின் இங்கே காய் பருத்தும் காரம் குன்றவில்லை.

காரத்தை அளக்கும் முறையை 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலார் வகுத்தார். காரச் சாற்றில் சர்க்கரை நீரைக் கலந்துகொண்டே சென்று, எத்தனை மடங்கு கலந்தபின் நாவில் உறைப்பு மறைகிறது என்று பார்ப்பதே அம்முறை. இக்காலத்தில் கருவிகளே அளக்கின்றன. 2000-இல் தேசுபூர்ப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தார் நாக மிளகாய்க்கு 8,55,000 என்ற அளவை வெளியிட்டபொழுது உலகம் எளிதில் நம்பவில்லை. பின்னர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் அதனைப் பயிரிட்டு 10,01,304 என்று அளந்தது. 2007-இல் கின்னஸ் பதிவு அதனை உலகின் மிகக் காரமான மிளகாயாக ஏற்றது. அப்பெருமையைப் பிற்காலத்தில் வேறு கலப்பினங்கள் தட்டிச் சென்றன. ஆயினும் வடகிழக்கு மலைவாழ் உழவர்கள் ஆய்வுக்கூடமின்றிக் கண்ணாலும் நாவாலும் தேர்ந்து காத்த செல்வம் அது என்பதை எவரும் மறுக்க இயலாது.

அதே இனத்தைச் சார்ந்த பெருங்கார மிளகாய் இடுக்கி மலைகளையும் அடைந்துள்ளது. மாலத்தீவு மக்கள் விரும்பி வாங்கும் அதனை அம்மாவட்டத்து உழவர் 'மாலி முளகு' என்கின்றனர். விளைவது மலையில், விலை போவது தீவில், விலை வீழ்ந்தால் நட்டம் மட்டும் உழவனுக்கு. பெரிய காயும் பெருங்காரமும் தேர்ந்தால் போதாது. கொள்வார் உளரா, நோய் தாங்குமா என்பதும் நோக்குதல் வேண்டும். கேரளத்தின் புளிப்பு மண்ணில் செடியை நின்ற நிலையில் வாட்டும் நோய் பெரும்பகை. அதனைத் தாங்குமாறு கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'உஜ்வலா' கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் கார வகையாகும். தமிழகத்திலும் அத்தகைய வரலாறு உண்டு. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே-1 மிளகாய் அசாம் வகையொன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. கே-2 அசாம் வகையும் சாத்தூர்ச் சம்பாவும் கலந்து பிறந்தது. கரிசல் நிலத்தின் காரம் என்று நாம் பெருமை கொள்வதில் பிரம்மபுத்திராப் பக்கத்து விதைக்கும் பங்குண்டு.

இவற்றையெல்லாம் நான் அறிந்ததற்கு ஒரு சிறு தோல்வியே காரணம். தேயிலைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த அலுவலக நண்பர் ஒருவர் ஊரிலிருந்து கொணர்ந்த விதையைத் தில்லியில் மாடித் தொட்டியில் விதைத்தேன். முதல் ஆண்டுக் காய் நெருப்பாயிருந்தது. அதன் விதையை விதைத்த மறு ஆண்டில் காய் நீண்டது, காரம் குறைந்தது. நீரைக் குறை கூறினேன்; வெயிலைக் குறை கூறினேன். உண்மையில் அடுத்த தொட்டியில் நின்ற காரமற்ற மிளகாயின் மகரந்தத்தை வண்டுகள் கொணர்ந்திருந்தன. கலப்பு நேர்ந்தாலும் அவ்வாண்டுக் காயில் அது தெரியாது. காயின் சதை தாய்ச்செடிக்கே உரியது. விதையினுள் ஒளிந்திருந்து மறு தலைமுறையிலேயே வெளிப்படும். அதற்குள் மூல விதை என்னிடம் தீர்ந்துவிட்டது. நண்பரின் ஊரிலும் அச்செடியை வளர்த்த மூதாட்டி காலமாகிவிட்டார்.

ஆதலின் விதை எடுப்போர் காயைப் பாராது செடியைப் பார்க்க வேண்டும். ஒரு செடியில் ஒரு பெருங்காய் தற்செயலாகவும் அமையும். எல்லாக் காயும் பருத்து, நோயின்றி, காரமும் குன்றாத செடியே விதைக்கு உரியது. பூ விரியுமுன் மெல்லிய துணியால் மூடிக் கட்டிவிட்டால் கலப்பைத் தடுக்கலாம். செக்கச் சிவந்த பழத்தை நிழலில் உலர்த்தி விதை எடுத்தல் நன்று. பெருங்கார இனங்கள் முளைக்க மூன்று வாரமோ அதற்கு மேலோ ஆகும்; பொறுமையிழந்து தொட்டியைக் கவிழ்த்துவிடக் கூடாது.

அமேசான் காட்டிலிருந்து அசாமுக்கும், மெக்சிகோவிலிருந்து கோவாவிற்கும், அசாமிலிருந்து கோவில்பட்டிக்கும் வந்த இக்காய் எங்கும் அயலாக நிற்கவில்லை. தங்கிய மண்ணுக்கேற்ப மாறியது. தேர்ந்து காத்தவர் கையில் தன் குணத்தையும் விடவில்லை. காக்க மறந்தவர் கையில் ஒரே தலைமுறையில் பெயர் மட்டும் எஞ்சிற்று. வெளியூரில் வாழும் நமக்கு இதனினும் நெருங்கிய பாடம் வேறு வேண்டுவதில்லை. அடுத்த முறை ஊர் செல்லும்பொழுது விதைப் பொட்டலத்தை இரண்டாக மடித்து வாருங்கள். ஒன்றை விதையுங்கள், ஒன்றை வையுங்கள்.