ஆமைநடை: சென்னைக் கடற்கரையில் மக்கள் அறிவியலின் வளர்ச்சி

1970களின் தொடக்கத்தில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளில் பெரும்பகுதி குஞ்சாகவே இல்லை. மனிதர் தோண்டி எடுத்தது போக மிஞ்சியதை நாய்கள் தின்றன. ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கத் தொடங்கினர். இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாறு பெருமளவும் இந்த நடையிலிருந்தே தொடங்குகிறது.

அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பின்னாளில் அவர் இந்தியக் கரைகளிலும் தீவுகளிலும் ஏறத்தாழ 4,000 கி.மீ. நடந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தனியே தங்கி ஆய்வு செய்தார். எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்ற அடிப்படைத் தகவலுக்கே நாடு அவர் கால்களை நம்பியிருந்தது. இதை மிகையாகச் சொல்லவில்லை.

நடையின் நுட்பம் எளியது, ஆனால் பழக வேண்டியது. ஆமை கரையேறிய தடத்துக்கும் கடலுக்குத் திரும்பிய தடத்துக்கும் இடையே மணல் கலைந்திருக்கும். அங்கே கோலை மெல்ல ஊன்றினால் முட்டைக்குழி இருக்குமிடத்தில் மட்டும் அது பிடிப்பின்றி இறங்கும். குழி குடம்போல் வாய் குறுகி அடி அகன்றிருக்கும். பொரிப்பகத்திலும் அதே வடிவில் தோண்டி நூறு, நூற்றிருபது முட்டைகளை வைத்து மூடுவார்கள். ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பமே குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பதால், பொரிப்பகத்துக்கு இடம் தேர்வதும் அறிவியல் முடிவுதான்.

1970களின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், அடுத்து வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்தின. அம்முயற்சி ஓய்ந்தபோது, 1988இல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கி நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவுதோறும் நடந்தனர். வார இறுதி நடைகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டதே இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம் என்பேன். வேடிக்கை பார்க்க வந்தவர் குறிப்பேட்டில் கூட்டின் இடத்தையும் முட்டை எண்ணிக்கையையும் எழுதினார். பருவந்தோறும் சேர்ந்த அந்தக் குறிப்புகள் ஆய்வுத் தரவாயின. வெளிச்சமான திசையைக் கடலென நம்பிச் சாலைப்பக்கம் ஊரும் குஞ்சுகளைக் கண்ணால் கண்டவர்களே, கரையோர விளக்குகளை அணைக்கக் கோரும் குரலாயினர்.

இந்தப் பங்கேற்புக்கு ஓர் எல்லையும் இருந்தது. நடப்பவர் கண் அலைவிளிம்போடு நின்றது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் சுற்றுக் கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டிய ஆமை, விசைப்படகுகளின் இழுவைமடியில் சிக்கினால் நீரிலேயே மூச்சடைத்து இறக்கும். கரையோரக் கடலில் விசைப்படகுகளுக்கு உள்ள தடையையும், வலையில் ஆமை தப்பிக்கும் கருவியையும் நடைமுறைப்படுத்துவதில் நகரவாசி அளக்கக்கூடியது மிகக் குறைவு. அந்தத் தரவைத் தரக்கூடியவர்கள் கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் விடியுமுன் கடலேறும் மீனவர்கள். முட்டைக்கணக்கு எழுதிய அந்தக் குறிப்பேட்டை இப்போது அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் எழுதுவதை அறிவியலாக ஏற்பதே அடுத்த கட்டப் பணி.