காருக்கு ஒரு வேகம், வேனுக்கு ஒரு வேகம்! ஆர்.சி. புத்தகத்தை பார்த்துட்டு ஆக்சிலேட்டரை அழுத்துங்க

திருப்பூர்,

காலை 7 மணிக்கு மேல் அவினாசி ரோடு, பல்லடம் ரோடு, தாராபுரம் ரோடு என்று எதில் நின்றாலும் பனியன் கம்பெனி வேன்கள் வரிசை கட்டி வருவதை பார்க்கலாம். ஊத்துக்குளி, குன்னத்தூர் பக்கத்து கிராமங்களில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஷிப்டு பிடிக்க வண்டிகள் பறக்கின்றன. அதன் பின்னாலேயே துணி பண்டல் ஏற்றிய குட்டி யானைகள்.

"ஏனுங்ணா, கார்க்காரன் நம்மள தாண்டி போறானுங்க. நம்ம வண்டி இதுக்கு மேல ஏறாதுங்களா?" என்று வேனில் முன்சீட்டில் இருக்கும் தம்பி கேட்பான்.

"ஏறாது கண்ணு. கருவி மாட்டி இருக்குது" என்பார் டிரைவர்.

ஒரே ரோடுதான். ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே வேகம் கிடையாது. வண்டி எந்த வகை, எத்தனை சீட்டு, எவ்வளவு எடை என்பதை வைத்துத்தான் வேகமும், அபராதமும், லைசென்சும் முடிவாகிறது. இது தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் டிரைவர்களும், சின்ன வண்டி உரிமையாளர்களும்தான்.

8 சீட்டுதான் கணக்கு

மத்திய அரசு 2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வேக வரம்பு பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதன்படி, நடுவில் தடுப்பு உள்ள 4 வழிச்சாலையில் டிரைவர் தவிர 8 சீட்டு வரை உள்ள கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ. அதற்கு மேல் சீட்டு உள்ள வேன், பஸ்களுக்கு 90 கி.மீ. சரக்கு வண்டிகளுக்கு 80 கி.மீ. ஊருக்குள் காருக்கு 70, வேன், பஸ், சரக்கு வண்டிக்கு 60.

கவனிக்க வேண்டியது, குட்டி யானை காரை விட சின்னதாக இருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் அது சரக்கு வண்டி. எனவே அதற்கு லாரி கணக்குதான்.

இந்த பட்டியலை 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு விபத்து இழப்பீடு வழக்கில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. வேகத்தை குறைத்து புதிய அறிவிப்பு வெளியிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. எனவே "100 வரை போகலாம்னு சட்டமே சொல்லுது" என்று யாராவது சொன்னால் நம்பி அழுத்த வேண்டாம். ரோட்டோரம் போர்டில் என்ன எண் இருக்கிறதோ, அதை தாண்டக்கூடாது. குறிப்பிட்ட ரோட்டில் வேகத்தை குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

வேக கட்டுப்பாட்டு கருவி

டிரைவர் சொன்ன 'கருவி' இதுதான். 2015 அக்டோபர் 1-ந் தேதிக்கு பிறகு தயாரான வாடகை, சரக்கு வண்டிகளுக்கு வேக கட்டுப்பாட்டு கருவி வந்தது. உச்ச வேகம் 80 கி.மீ. பள்ளிக்கூட பஸ், டேங்கர், டிப்பர் லாரிகளுக்கு 60 கி.மீ.தான். இதை கழற்றிவிட்டு ஓட்டினால், எப்.சி.க்கு போகும்போதும் சிக்கல், விபத்து நடந்தால் கோர்ட்டிலும் சிக்கல்.

வேனில் கட்டில் போட்டால் காராகுமா?

இப்போது பழைய வேனை வாங்கி சீட்டுகளை கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு வைத்து டூர் வண்டியாக மாற்றும் ஆசை பலருக்கு வந்து இருக்கிறது. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலா திட்டம் கொண்டு வந்த பிறகு இந்த பேச்சு அதிகம். "இப்ப 4 சீட்டுதானே இருக்கு, கார் மாதிரி ஓட்டலாம்" என்று நினைத்தால் தப்பு. ஆர்.சி.யில் 12 சீட்டு என்று இருந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அது 12 சீட்டு வேன்தான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே வேனை கேரவனாக மாற்றினாலும், ஆவணத்தில் சரக்கு வேன் என்றே இருந்தால் நடுத்தடுப்பு இல்லாத ரோட்டில் மணிக்கு 50 மைல்தான். முறையான கேரவன், காலி எடை 3.05 டன்னுக்குள் இருந்தால் 60 மைல். எடை அதற்கு மேல் போனால் மறுபடியும் 50.

நம்ம ஊரில் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனி பாதுகாப்பு தரம் உள்ளது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறி உள்ளது. அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. வெல்டிங் பட்டறைக்கு போகும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு போவதே நல்லது.

7,500 கிலோ கோடு

வண்டியின் மொத்த எடை, அதாவது வண்டி எடையும் சரக்கு எடையும் சேர்த்து 7,500 கிலோ வரை இருந்தால் அது இலகுரக வாகனம். இந்த எடை வரை உள்ள வாடகை, சரக்கு வண்டிகளை சாதாரண எல்.எம்.வி. லைசென்சிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு அளித்தது. டிரைவர் வேலை தேடும் இளைஞர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அபராதமும் இந்த கோட்டை வைத்துத்தான். அதிக வேகத்துக்கு இலகுரக வண்டிக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை. நடுத்தர, கனரக வண்டிக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. இரண்டாவது முறை சிக்கினால் லைசென்சுக்கே ஆபத்து. அதிக பாரம் ஏற்றினால் ரூ.20 ஆயிரம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ரூ.2 ஆயிரம். வேனில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு ஆளுக்கும் ரூ.200. அவர்களை இறக்கிவிட்ட பிறகுதான் வண்டியை எடுக்க முடியும்.

எடை கூடினால் என்ன ஆகும்?

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. 80 என்றால் 22 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு ஆகிறது. அதோடு ஆளும் சரக்கும் அளவுக்கு மேல் ஏறினால், பிரேக் அடித்தாலும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது.

2020 பிப்ரவரி 20-ந் தேதி அதிகாலை அவினாசி அருகே நடந்ததை இந்த ஊர் மறக்காது. கண்டெய்னர் லாரி நடுத்தடுப்பை தாண்டி வந்து கேரள அரசு பஸ் மீது மோதியதில் 19 பேர் பலியானார்கள். அவ்வளவு எடையை தடுப்புச்சுவரால் நிறுத்த முடியவில்லை.

குட்டி யானையில் ஆள் ஏறலாமா?

கூடாது. கோவிலுக்கும், விசேஷத்துக்கும் சரக்கு வண்டியில் குடும்பத்தோடு ஏறிப்போவது இங்கே சகஜம். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறிச்செல்பவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அடிபட்டால் அந்த பாரம் வண்டி உரிமையாளர் தலையில் விழும். அவரிடம் பணம் இல்லை என்றால், அடிபட்ட குடும்பம் நடுத்தெருவில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆர்.சி.யை எடுத்து 3 விஷயம் பாருங்கள். வண்டி வகை என்ன, சீட்டு எத்தனை, மொத்த எடை எவ்வளவு. பழைய வண்டி வாங்குபவர்கள், வண்டியில் இருக்கும் சீட்டும் ஆர்.சி.யில் இருக்கும் சீட்டும் ஒன்றா என்று எண்ணி பாருங்கள். திருப்பூர் வடக்கு (டி.என். 39), தெற்கு (டி.என். 42) ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் சந்தேகம் கேட்கலாம்.

கம்பெனி வேனில் போகும் தொழிலாளர்களும் "சீக்கிரம் போங்கண்ணா" என்று டிரைவரை விரட்ட வேண்டாம். 10 நிமிடம் லேட்டானால் சூப்பர்வைசர் திட்டுவார், அவ்வளவுதான். வீட்டில் நம்மை எதிர்பார்த்து இருப்பவர்களுக்கு நாம் திரும்பி வருவதுதான் முக்கியம்.