தீட்டுக் குளியலும் நர்ஸ் கழுவும் கையும்

கிரகணம் பிடித்தால் திருமலை உட்பட முக்கால்வாசிக் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். எங்கள் ஊரில் சாத்த மாட்டார்கள். காளஹஸ்தி ராகு கேது தலம். கிரகணத்துக்குக் காரணமானவர்களே அங்கே இருக்கும்போது தீட்டு ஏது என்பது பெரியவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் கோயிலுக்குக் கிடைத்த சலுகை வீட்டுக்குக் கிடையாது. கிரகணம் விட்டதும் எல்லோரும் தலைக்குக் குளித்தாக வேண்டும். சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் குளியல்தான், பிரசவ வீட்டுக்குப் போய் வந்தாலும் குளியல்தான்.

பாட்டி சொன்ன பழைய பிரசவக் கதைகளில் ஒரு மந்திரசானி வருவாள் (தெலுங்கில் மருத்துவச்சிக்கு அதுதான் பெயர்). பிள்ளையை எடுத்து முடித்து வெளியே வந்ததும் அவள் குளிப்பதைப் பாட்டி மறக்காமல் சொல்வார். உள்ளே போகும் முன் கை கழுவினாளா என்பது எந்தக் கதையிலும் வந்ததில்லை.

தீட்டுக் குளியல் நமக்காக. நர்ஸ் கழுவும் கை எதிரே படுத்திருப்பவருக்காக. முதலாவதை மறந்தால் தோஷம் நம்மோடு போகும். இரண்டாவதை மறந்தால் அவஸ்தைப்படுவது வேறு யாரோ. மறந்தவருக்கு அது தெரியவே தெரியாது. அடுத்தவர் பணத்தைத் தொடும் வங்கி உத்தியோகத்தில் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஆள் யோக்கியர் என்பது போதாது.

நான் பி.காம். மருத்துவம் படித்தவன் இல்லை. மஸ்கட்டில் எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகள் நர்ஸ் குடும்பங்கள். அந்தச் சகவாசத்தில் வந்த ஆர்வம் இது :-)

நிற்க. 1847இல் வியன்னா. பெரிய மருத்துவமனை ஒன்றில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார்கள் இறந்தார்கள், மருத்துவச்சிகள் பிரிவில் நான்கு பேர். செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணப் பரிசோதனை அறையிலிருந்து மாணவர்கள் அப்படியே பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். சாவு ஒன்று, இரண்டு என்று இறங்கியது. ஆனால் எங்கள் கையிலா அழுக்கு என்று பெரிய டாக்டர்களுக்குக் கோபம். 1865இல் அவர் மனநோய் விடுதியில் இறந்தார். உண்மை கையில் இருந்தது, அதைப் பின்பற்ற வைக்கும் அதிகாரம் இல்லை.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் நம் எல்லோருக்கும் தெரியும். கை கழுவுவது பற்றி 1859இலேயே எழுதிவிட்டார். நர்ஸ்களைப் பரீட்சை வைத்து அரசுப் பதிவேட்டில் சேர்க்கும் யோசனையை அவர் கடுமையாக எதிர்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. நல்ல குணத்தைப் பரீட்சையில் அளக்க முடியாது என்பது அவர் வாதம். இந்த ஒரு விஷயத்தில் நான் அந்த அம்மையார் கட்சி இல்லை. நியூசிலாந்து 1901இலும் பிரிட்டன் 1919இலும் பதிவுச் சட்டம் கொண்டுவந்தன.

இடையில் ஒரு சுவாரசியம். அறுவைச் சிகிச்சைக் கையுறை நோயாளிக்காக வந்ததில்லை. 1890 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸுக்குக் கிருமிநாசினி பட்டுக் கைத்தோல் புண்ணாகிவிட்டது. சர்ஜன் ஹால்ஸ்டெட் அவருக்காக ரப்பர் கையுறை செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தார். பிறகு இருவருக்கும் கல்யாணம் ஆனது. கையுறையால் தொற்று குறைகிறது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

இனி நம் பக்கம். காளஹஸ்தி 1911 வரை வட ஆற்காடு ஜில்லா. அந்த வருஷம் சித்தூர் ஜில்லா பிறந்தது, 1953இல் ஆந்திரா ஆனது, 2022 முதல் திருப்பதி மாவட்டம். ரேணிகுண்டா போய், பாகாலா வழியாகக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். அங்கே ஐடா ஸ்கடர் 1909இல் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்ப ஊரில் யாரும் முன்வராத காலம். அந்நியர் உடம்பு, ரத்தம், மலம், எல்லாமே தீட்டு. வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்களே அதிகம். விதவைகளும் வந்தார்கள்.

1926இல் மதராஸ் மாகாணம் நர்ஸ், மருத்துவச்சி பதிவுச் சட்டத்தை இயற்றியது. எங்கள் ஊரும் அப்போது அந்த மாகாணம்தான். என் கண்ணில் இது பெரிய விஷயம். பெயரைச் சேர்க்கிற பதிவேடு இருந்தால்தான், தவறு செய்தவரின் பெயரை அடிக்கவும் முடியும். அகில இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் வேலூரிலும் டில்லியிலும் நர்ஸிங் பட்டப் படிப்பு ஆரம்பித்தது. டாக்டரைப் பார்த்து, சார், கை கழுவவில்லையே என்று சொல்ல ஒரு பெண்ணுக்குப் படிப்பும் வேண்டும், பதவியும் வேண்டும்.

அன்றைய சித்தூர் ஜில்லாவிலேயே இன்னொரு இடம், மதனப்பள்ளி. காசநோய் சானடோரியம் அங்கே 1912இல் தொடங்கி, 1915இல் பக்கத்து ஆரோக்யவரத்துக்கு இடம் மாறியது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமொட் மோலர் நடத்தினார். மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, அப்புறம் சளியைக் கண்ட இடத்தில் துப்பாமல் மூடிய குவளையில் துப்ப வைத்து அழிப்பது, இவ்வளவுதான் சானடோரிய வைத்தியம். நோயாளிக்கு இதைப் பழக்கியது நர்ஸ்கள். பிறகு 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 பேரை எடுத்துப் பாதிப்பேருக்கு வீட்டிலும் மீதிப்பேருக்குச் சானடோரியத்திலும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள், அதனால் குடும்பத்தாருக்கு அதிகமாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக இதுவும் ஒரு காரணம்.

சரிபார்க்கத் தனி ஆள் என்ற எண்ணம் வந்தது 1959இல். இங்கிலாந்தின் டார்பே மருத்துவமனையில் காட்ரெல் என்ற நர்ஸைத் தொற்றுத்தடுப்புக்கென்றே நியமித்தார்கள். கணக்குப் பாஷையில் சொன்னால் உள் தணிக்கையாளர். பலன் உண்டா? 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நல்ல கண்காணிப்போடு 250 படுக்கைக்கு ஒரு தொற்றுத்தடுப்பு நர்ஸும் இருந்த மருத்துவமனைகளில் தொற்று 32 சதவீதம் குறைந்திருந்தது.

அதே 1985இல் எய்ட்ஸ் பயத்தில் அமெரிக்காவில் புது விதி வந்தது. யாருக்கு நோய் என்று பார்க்காதே, எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே நினைத்து வேலை செய் என்பது அதன் சாரம். மறு வருஷமே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகளைச் சோதித்தது வேலூரில்.

அந்த விதியின் விலை 2018இல் கேரளாவில் தெரிந்தது. பேராம்பரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, என்ன நோய் என்றே தெரியாத ஒரு நோயாளியைக் கவனித்தார். அது நிபா. மே 21 அன்று லினி இறந்தார். கணவர் பஹ்ரைனில் வேலையில் இருந்தவர். உடலைக்கூட வீட்டுக்குக் கொடுக்கவில்லை. வளைகுடாவில் அன்று அந்தச் செய்தியைப் படித்துக் கலங்காத குடும்பம் எங்கள் கட்டடத்தில் இல்லை. அந்தப் பரவலில் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரிகளில்தான் தொற்றியது.

விதி மட்டும் இருந்தாலும் ஓடாது. அப்பாவைச் சேர்த்திருந்த ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) இரவில் முப்பது படுக்கைக்கு ஒரே நர்ஸ். கை கழுவும் முறை சுவரில் அழகான படமாக ஒட்டியிருந்தது. கீழே இருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு வார்டுக்கு அனுமதி கொடுத்தவர்களைச் சொல்லலாம்.

இங்கே வளைகுடாவுக்கு வர முயலும் நர்ஸ்கள் வீட்டில் இந்த வரலாறு காகிதமாக வந்து நிற்கும். பட்டம், அனுபவம், புரோமெட்ரிக் பரீட்சை எல்லாம் முடிந்தாலும் ஊர் கவுன்சிலிலிருந்து ஒரு நற்சான்று வர வேண்டும். அது தாமதமாகி விசா கைநழுவிப் போனவர்களை எனக்குத் தெரியும். வந்த ஒன்றை வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஒரே பக்கம். இவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, இவர் மீது நடவடிக்கை எதுவும் இல்லை. கீழே பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும்.